மாமனாரை ஓவர்டேக் செய்தவள்

ஓவர்டேக் என்பது ரோட்டில் வண்டிக்காரர்கள் செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் நான் கல்யாணமாகி சுருளிப்பட்டிக்கு வந்தேன். இங்கே அது பெரிய குற்றம். மாமியாரைக் கேட்காமல் குழம்புக்குப் புளி கரைத்தால் ஓவர்டேக். (கேட்டுக் கரைத்தால் மட்டும் புளிப்பு குறையுமா என்ன?) மேனேஜரைத் தாண்டி முதலாளியிடம் லீவு கேட்டால் ஓவர்டேக்.

என் மாமனாருக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் ஒரு பழைய மொபெட்டும் உண்டு. அந்த மொபெட்டை வீட்டில் யாரும் முந்தியதில்லை. என் கணவர் புது பைக்கை அதன் பின்னாலேயே முதல் கியரில் ஓட்டி, ஊர் மெக்கானிக்கைப் பணக்காரராக்கியவர். கேட்டால், "அப்பா முன்னால போறாகல்ல?" என்பார்.

எனக்கு உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான். ஸ்கூட்டரை எடுத்தால், மாமனார் சலவை வேட்டியில் தயாராக நிற்கிறார்.

"தனியாப் போகவேணாம்த்தா. நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா."

போனார். எதிரில் வந்த அத்தனை பேரிடமும் நின்று, "மருமகளுக்கு இன்டர்வியூ" என்று சொல்லிச் சொல்லிப் போனார். ராயப்பன்பட்டி வருவதற்குள் ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. (அதன் கேரியரில் புல்லுக்கட்டு வேறு!) மணியைப் பார்த்தேன். போதும்டா சாமி என்று ஹாரனை அழுத்தி, ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

முந்திவிட்டேன். அந்த இடத்தில் வாய்க்கால் தண்ணீர் தேங்கிக் கிடந்ததை மட்டும் கவனிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால், சலவை வேட்டி முழுக்கச் சேறு. என் சேலையிலும் முழங்கால்வரை சேறு. நிற்கலாமா என்று தோன்றியது. நிற்கவில்லை.

இன்டர்வியூவில் முதல் இரண்டு கேள்விகளுக்கு நன்றாகத்தான் பதில் சொன்னேன். மூன்றாவது கேள்வி வருவதற்குள் கதவு திறந்தது. சேறு சொட்டச் சொட்ட மாமனார்.

"ஏத்தா, என்னையவே ஓவர்டேக் பண்ணிட்டியில்ல?"

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். மானமும் போச்சு, வேலையும் போச்சு. அப்புறம் எனக்கென்ன பயம்?

"ஆமா மாமா, பண்ணேன். ஒங்க பின்னாலயே வந்திருந்தா ரிட்டயர் ஆகுற வயசுலதான் இங்க வந்து சேந்திருப்பேன். நாளைக்கும் பண்ணுவேன்!"

வேலை கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. வேட்டியை மட்டும் துவைத்துப் போட்டேன். அடுத்த இன்டர்வியூவுக்குத் தனியாகப் போனேன், வேலையோடு வந்தேன். மாமனாரோ டீக்கடையில் என்னைத் திட்டுவதற்காக இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். திட்டு எப்போது பெருமையாக மாறியதென்று அவருக்கே தெரியாது.

சமீபத்தில் என் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் பழனிசெட்டிபட்டி போனோம். காபி கொண்டுவந்த பெண்ணிடம் மாமனார் என்னைக் காட்டினார். "இவ எங்க மூத்த மருமக. என்னைய ஓவர்டேக் பண்ணவ." முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்: "நீ பண்ணுவியாத்தா?"

பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எம்புட்டு மெதுவாப் போறீகன்றதப் பொறுத்து, மாமா."

மாமனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார்.

"பூவ எடு. இன்னைக்கே வச்சிருவோம்."