பலகை இழைக்கும் இயந்திரம் வேண்டாம் என்று சம்பந்திக்கு எழுதியது

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். அங்கு தாங்களும் தங்கச்சியும் பல்வலி உட்பட எந்த வலியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று, என் தொழிலுக்கு அது விரோதமாக இருந்தாலும், மனதார விரும்புகிறேன். நம் மகளுக்கு வாந்தி நின்று இப்போது பசி தொடங்கியிருக்கிறது. மாப்பிள்ளையும் சுகம். அவருடைய கட்டைவிரல் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை; நகம் முளைத்துவிடும்.

இந்தக் கடிதம் முழுக்க என் விருப்பத்தால் எழுதப்படுவதல்ல. பக்கத்து நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். "எங்கிட்ட சத்தியம் பண்ணினா சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். சம்பந்திக்கு எழுதிக் குடுங்க, அப்பதான் நிக்கும்" என்கிறாள். ஆகவே முதலிலேயே அறிவித்துவிடுகிறேன்: இனி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் பலகை இழைக்கும் இயந்திரம் எதுவும் உள்ளே வராது. அப்படி எழுதும்படி ஏன் ஆயிற்று என்பதைத் தாங்கள் அறிய வேண்டாமா?

அன்று தங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு, "பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கடையில வாங்காதீங்க, நானே செஞ்சு தரேன்" என்று நான் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். தாங்கள் மறுக்கவில்லை. "பாக்கலாம் டாக்டர்" என்று மட்டும் சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு என்னோடு வண்டியில் ஏறி வீடு வரை வந்தது. மறுநாளே மரக்கடைக்குப் போய்ப் பலகை வாங்கி வந்து கார் கொட்டகையில் இறக்கினேன். கடையில் பார்த்தபோது எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. வீட்டுக்கு வந்து அளந்தால், ஒரு முனை அகராதி தடிமன், மறுமுனை வாரப்பத்திரிகை தடிமன். சரி, இழைப்புளி இருக்கிறது, கை இருக்கிறது என்று தடித்த முனையைச் சீவினேன். அது மெலிந்ததும் மறுமுனை தடித்துத் தெரிந்தது. அதைச் சீவினால் நடுவில் மேடு. மேட்டைச் சீவினால் பள்ளம். ஒரு நோயாளியின் பல்லில் நான் இப்படி நடந்துகொண்டிருந்தால் உரிமத்தைப் பிடுங்கியிருப்பார்கள். முதல் பலகை கடைசியில் கோடு போடுகிற ஸ்கேலாக வந்து நின்றது. என் வலது தோள் அதற்கு முன்பே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. காலையில் ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்போய், பல் அசையாமல் நான் அசைந்தேன்.

விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்குன்னே திக்னஸ் பிளானர்னு ஒரு மெஷின் இருக்கு. இந்தப் பக்கம் பலகையை விட்டா அந்தப் பக்கம் ஒரே தடிமனா வந்துடும். ஏன் உடம்பைக் கெடுத்துக்கறீங்க?" என்றார். தங்கள் பிள்ளை நல்லவர், படித்தவர். அதிலும் ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றி உலகத்தில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அத்தனையையும் படிக்கிறவர். இரண்டு கத்தியா மூன்று கத்தியா, மோட்டார் எப்படிப்பட்டது, எவ்வளவு அகலப் பலகை போகும் என்று சாப்பிடும்போதும் போனைப் பார்த்து வாசித்தார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் மனைவி மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "ரெண்டு பேர் தூக்க முடியாத எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

கடையில் மூன்று இயந்திரங்கள் இருந்தன. சின்னது மேசை மேல் வைப்பது, பெரியது இரும்புக் கால்களோடு காண்டாமிருகம் மாதிரி நின்றது, நடுவில் ஒன்று. விற்பனையாளர் நடுவிலிருந்ததைத் திறந்து காட்டினார். அதன் உருளையில் நீளக் கத்திகளுக்குப் பதில் சின்னச் சின்னச் சதுரக் கத்திகள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. நான் என்னை மறந்து சட்டைப்பையிலிருந்த டார்ச்சை அடித்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "ஒண்ணுகூட ஆடல, சொத்தையும் இல்ல" என்றேன். விற்பனையாளர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். "இது சத்தம் கம்மி சார். ஒரு கத்தி மழுங்கினா அதை மட்டும் திருப்பிப் போட்டுக்கலாம். ஆனா இது பார்வைக்கு வெச்சது, ஸ்டாக் இல்ல" என்றார் விற்பனையாளர். "அப்ப சின்னது?" "கையிலயே தூக்கிட்டுப் போயிடலாம் சார். கொஞ்சம் சத்தம் வரும்." எவ்வளவு சத்தம் என்று கேட்காமலேயே சின்னதை வாங்கி வந்தோம். எல்லாவற்றையும் படித்த மாப்பிள்ளையும் கேட்கவில்லை.

என் கிளினிக் வீட்டின் முன்பக்கம், கொட்டகை பின்பக்கம், நடுவில் ஒரே ஒரு சுவர் என்பது தங்களுக்குத் தெரியும். காலையில் நோயாளிகள் வந்து சேர்வதற்குள் ஒரு பலகையைப் போட்டுப் பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டினேன். சம்பந்தி, அதைச் சத்தம் என்று சொன்னால் சத்தத்துக்கே அவமானம். என் டிரில் போடுகிற அதே கீச்சுக் குரல்தான், ஆனால் ஆயிரம் டிரில் ஒன்றாகச் சேர்ந்து போடுகிற குரல். ஆனால் அந்தப் பக்கம் வந்த பலகை இருக்கிறதே, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவு வழவழப்பு! அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. சீவல் வெளியே வருகிற துவாரத்தில் வீடு கூட்டும் வாக்குவம் குழாயை மாட்டினேன். அது கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பி இருமியது. உடனே தலையணை உறையைக் கட்டினேன். உறை உப்பியது, இன்னும் உப்பியது, பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளைக் கோட்டுகளை நோக்கிப் பறந்துபோய் வெடித்தது.

அதே நேரம் முன்பக்கத்தில், ஆடுகிற பல்லோடு வந்திருந்த வக்கீல் ஒருவர் உட்பட, காத்திருந்தவர்கள் எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வரவேற்பு மேசையிலிருந்த என் மனைவி அவர்களைத் தேற்றுவதாக நினைத்து, "பயப்படாதீங்க, டாக்டர் உள்ள மரம் சீவிக்கிட்டிருக்கார்" என்றிருக்கிறாள். அது உண்மை என்பதாலேயே யாரும் நம்பவில்லை. அந்த நிமிஷம் பார்த்து நான் கதவைத் திறந்தேன். கண்ணில் பெரிய கண்ணாடி, காதில் மூடி, தலை புருவமெல்லாம் சீவல், முகம் கொள்ளாத சிரிப்பு. காது அடைத்திருந்ததால் உரக்கப் பேசினேன் போலிருக்கிறது: "ரொம்ப தடிமனா இருந்துச்சு! ஒரு பக்கம் சீவியாச்சு! அடுத்தது யாரு?" அறை காலியாயிற்று. வக்கீல் ஒரு செருப்பை விட்டுவிட்டே போய்விட்டார்.

இத்தனைக்கும் பிறகு பலகையை எடுத்துப் பார்த்தால், நடுவெல்லாம் கண்ணாடி, இரண்டு முனைகளிலும் யாரோ கடித்த மாதிரி பள்ளம். மாப்பிள்ளை படித்துச் சொன்னார்: உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் பலகை தலையைத் தூக்கினால் கத்தி கூடுதலாகக் கடித்துவிடுமாம், அதனால் பலகையை வேண்டியதைவிட நீளமாக வைத்துக்கொண்டு, இழைத்த பிறகு முனைகளை வெட்டிவிட வேண்டுமாம். நான் முறைப்படி முதலிலேயே சரியான அளவுக்கு வெட்டி வைத்திருந்தேன். "பரவால்ல மாமா, தொட்டிலைக் கொஞ்சம் குட்டையா செஞ்சுக்கலாம்" என்றார். அடுத்த பலகையும் கடிபட்டது. தொட்டில் இன்னும் குட்டையாயிற்று. இப்படியே போனால் குழந்தையை உட்கார வைத்துத்தான் தூங்கப் பண்ண வேண்டும் என்று மகள் போனில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கள் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

ஆகவே சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தமே வராது என்று விற்பனையாளர் அடித்துச் சொன்ன காண்டாமிருகத்தை வாங்கினேன். என் மனைவியின் நிபந்தனையை மீறவில்லை என்று வாதாடினேன்: இரண்டு பேர் தூக்க முடியாதுதான், ஆனால் தூக்காமல் தள்ளிக்கொண்டு வந்தோம். கொட்டகைக் கதவில் அது நுழையவில்லை. கதவைக் கழற்றினோம், நிலை தடுத்தது. நிலையைக் கழற்றினோம், இயந்திரம் உள்ளே போயிற்று, மாப்பிள்ளையின் கட்டைவிரல் நடுவில் மாட்டிற்று. அப்போதும் அவர் "ஒண்ணுமில்ல மாமா" என்றுதான் சொன்னார். தங்கள் வளர்ப்பு அப்படி.

வக்கீலை என் மனைவி நயமாகப் பேசித் திரும்ப வரவழைத்திருந்தாள். நாற்காலியில் படுக்க வைத்து, வாய் நிறையப் பஞ்சு திணித்து, மருந்தும் போட்டாகிவிட்டது. கிளினிக்குக்குள் போவதற்கு முன் மாப்பிள்ளையிடம், "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க மாப்ளே" என்று சொல்லியிருந்தேன். அவர் சும்மா சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்தாராம். சத்தம் வரவே இல்லை. அதில் அது சொன்ன சொல் காப்பாற்றியது. ஆனால் வீடு முழுக்க மின்சாரம் போயிற்று. ஜன்னல் இல்லாத என் அறை இருண்டது. நாற்காலி தலை கீழாகவும் கால் மேலாகவும் இருந்த நிலையிலேயே நின்றுவிட்டது. இருட்டில் வக்கீல் "ஆ, ஓ, ஊ" என்று நெடுநேரம் பேசினார். நானும் "ஆமாங்க, ஆமாங்க" என்று ஆமோதித்தேன். பஞ்சை எடுத்த பிறகுதான் தெரிந்தது, என் மேல் நோட்டீஸ் அனுப்பப் போகிறேன் என்று அவர் சொன்னதற்கு நான் சம்மதம் தெரிவித்திருக்கிறேன்.

மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? "பரவால்ல மாப்ளே" என்றேன். என் மனைவி என்னைத் திட்டினாள், அது இருவருக்கும் சேர்த்து. "பல்லைப் பாப்பீங்களா, பலகையைப் பாப்பீங்களா? இனிமே அந்த ஜாதி மெஷின் ஒண்ணு இந்த வாசல்ல தெரிஞ்சுதோ, நான் எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன்" என்றாள். அவள் அண்ணனைத் தங்களுக்குத் தெரியும். அவர் அவளைத் திரும்ப அழைத்து வந்து விடும்போது ஒரு மாதம் தங்கிவிட்டுத்தான் போவார். காண்டாமிருகம் அன்றே கடைக்குத் திரும்பிற்று. மிச்சமிருந்த பலகைகளை வண்டியில் போட்டுக்கொண்டு மர மில்லுக்குப் போனேன். அங்கே பஸ் அளவுக்கு ஒரு இயந்திரம். நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் எல்லாப் பலகைகளும் ஒரே தடிமனில் வந்து அடுக்கப்பட்டன. இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று என் மனைவி கேட்டதற்கு நான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொட்டில் முடிந்துவிட்டது, சம்பந்தி. கொஞ்சம் குட்டைதான், ஆனால் குழந்தை படுக்கும். ஆட வேண்டிய விதத்தில் மட்டும் ஆடுகிறது. நேற்று மகள் வந்து அதன் விளிம்பில் கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். இனி எனக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். இதை என் மனைவி சொல்லி எழுதவில்லை, நானாகவே எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும். தாங்கள் இருவரும் நோய்நொடியின்றி, சொந்தப் பற்களோடு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பல் டாக்டர்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தாங்கள் அனுப்பிய பெட்டி இறங்கிவிட்டது. நடு சைஸ், சதுரக் கத்தி. மாப்பிள்ளை தங்களிடம் எதையோ சொல்லியிருக்கிறார். என் மனைவிதான் கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அவள் அண்ணனுக்குப் படுக்கை எங்கே போடுவது என்று யோசித்தேன். அவள் டிரைவர் பக்கம் திரும்பி, "சம்பந்தி வீட்லேருந்தா? அடடா, எதுக்கு இதெல்லாம்! பாத்து இறக்குங்க, மூலை இடிச்சிடப் போகுது" என்றாள். பிறகு என்னிடம், "ரொம்ப சந்தோஷம்னு எழுதுங்க. அவங்க அனுப்பினதைச் சும்மா வெச்சிருந்தா என்ன நினைப்பாங்க?" என்றாள். இழைக்க மரம் ஒன்றும் மிச்சமில்லையே என்றேன். புதிதாக எழுத நேரமில்லை, டிரைவர் தங்கள் ஊருக்கே திரும்புகிறாராம், கையோடு கொண்டு வருவார். எனவே மேலே எழுதிய எதையும் எழுதாததாகக் கருதவும். ரொம்ப சந்தோஷம். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்கிறது. அவள் தன் வரவேற்பு மேசையைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.