பஸ் ஸ்டாண்டின் வெளியுறவு மந்திரி

1990 நவம்பர் 21, புதன். ஐந்தரைக்கு எழுந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். குளித்துவிட்டு, சங்கராபுரம் பஸ் பிடிக்கக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் இல்லை. இட ஒதுக்கீட்டு மறியல். சாலையெங்கும் வெட்டிப்போட்ட புளியமரங்கள் படுத்திருந்தன.

மைக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த தேசம் கண்ட வெளியுறவு மந்திரிகளிலேயே மகா கெட்டிக்காரர், பாஸ்போர்ட் இல்லாத எங்கள் டைம்கீப்பர்தான். ஊரே அவரை ‘மந்திரி’ என்றுதான் கூப்பிடும். பஸ் வராவிட்டால், “உளுந்தூர்பேட்டையுடன் உறவு துண்டிக்கப்பட்டுள்ளது” என்று அறிவிப்பார்.

டெல்லியில் புது அரசு வந்து இரண்டு வாரம் ஆகவில்லை. அண்டை நாடுகளோடு நட்பு, எம்.பி.க்கள் அனைவரோடும் ஒத்துழைப்பு என்று பேப்பரில் போட்டிருந்தது. சொந்த எம்.பி.க்கள் சொற்பம், ஒத்துழைக்காமல் வேறென்ன செய்வார்கள்? மந்திரிக்கு அந்த அரசின்மேல் தனிப் பாசம். அவர் வீட்டிலும் மனைவி, மாமியார், இரண்டு பெண்கள் ஒரு கட்சி. ஆட்சி மட்டும் இவருடையது.

அன்று சாயங்காலம் மூத்தவளைப் பெண் பார்க்கத் தியாகதுருகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஏரிக்கரை மண்பாதையில் வரலாம். அதற்கு வேன் வேண்டும். வேன் இருந்தது பக்கத்து வீட்டுச் சகலையிடம். ஆனால் காதுகுத்துக்கு ஒன்பது சீர்த்தட்டு வைக்காமல் எட்டாக வைத்துவிட்டாள் என்று, மந்திரியின் மனைவி தன் தங்கையோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். அந்த வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது என்று தீர்மானமும் போட்டாயிற்று.

“வீட்டம்மாவ மீறிக்கினு போயிடுவீங்களா?” என்றேன்.

“படிய மிதிக்கக் கூடாதுன்னுதான் தீர்மானங்க. மைக்குல பேசக் கூடாதுன்னு இல்லியே,” என்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வேன் வைத்திருக்கும் அண்டை நாட்டின் கனிவான கவனத்திற்கு. பழைய தட்டு விவகாரத்தை மறந்து, நட்புறவு கோருகிறது எங்கள் அரசு. பொண்ணு கல்யாண விஷயம்.”

டீக்கடையில் பாதிப் பேர் இலங்கைக்குச் சொன்ன சேதி என்று நினைத்தார்கள். யாருக்குத் தட்டு அனுப்பினோம் என்று ஒரு விவாதமே நடந்தது.

பூ வாங்க வந்திருந்த மந்திரியின் கொழுந்தியாளுக்கு மட்டும் சரியாகப் புரிந்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனை வேனோடு கிளப்பிவிட்டு, ஒரு தட்டில் பழமும் பூவும் அடுக்கிக்கொண்டு அக்கா வாசலில் போய் நின்றாள். நான் அந்தத் தெரு வழியாகத் திரும்பி வரும்போது காதில் விழுந்தது.

“இன்னாடி இது?”

“ஒம்போதாவது தட்டு. மாமா ஊருக்கே மைக்குல சொல்லிக்கினு கீறாரு. இன்னும் கம்மியா இருந்தா இப்பவே சொல்லிடு.”

அக்கா தட்டை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு, “காபி குடிச்சிட்டுப் போ,” என்று நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. வேன் நேரத்துக்கு வந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. மந்திரியைக் கேட்டால் எல்லாம் வெளியுறவுக் கொள்கையின் வெற்றி.

மறுநாள் காலை கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. முதல் வேலையாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் ஓடாது என்று தெரியும். அவர் குரலைக் கேட்கத்தான் போனேன்.