வெந்த கோதுமை முளைத்த அற்புதம்

ஊதுகாரரின் கொட்டகைக்குத் திரும்பும் முனையில் ஒரு பெரிய விளம்பரத் தட்டி நின்றது. அதில் இரண்டு முகங்கள். ஒன்று அவருடையது, கன்னம் உப்பிய நிலையில். இன்னொன்று என்னுடையது, கண்ணீர் வழிந்த நிலையில். கீழே கொட்டை எழுத்தில்: ‘ஆராய்ச்சி நிலையமே அழுதது!’

அழுதது நிலையம் அல்ல. அங்கே சம்பளம் வாங்கும் ஒரு முட்டாள். கோதுமை நோய்ப் பிரிவு, முதுகலைப் பட்டம்.

விதைப்புக் காலம் வந்தால் விடிவதற்குள் வரிசை சாலையைத் தொட்டுவிடும். டிராக்டரில் வருவார்கள், சைக்கிளில் வருவார்கள், தலைச்சுமையாகவும் வருவார்கள். விதைக் கோதுமையை மூட்டையாகக் கொடுத்து, காணிக்கை வைத்துவிட்டுப் போக வேண்டும். ஊதுகாரர் இரவெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு மூட்டையிலும் ஊதுவார். காலையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த விதைக்குத் துரு நோய் வராது.

வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே வரவில்லை.

துரு நோய் ஒரு பூஞ்சை. காற்றில் வந்து இலையில் இறங்கும். செம்பழுப்புக் கொப்புளம் கிளம்பும். வயலுக்குள் நடந்தால் கால்சட்டை செங்கல் நிறமாகும். ஊதாத வயல்கள் அப்படித் துருப்பிடித்துக் கிடந்தபோது ஊதிய வயல்கள் பச்சையாக நின்றன. கண்ணால் கண்டதை யார் மறுப்பது? “ஊதினா போதும், ஊரே பொழைக்கும்!” என்று மாவு மில்காரர் தெருத்தெருவாகச் சொன்னார். அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை.

நான் தட்டியில் ஏறிய கதை சிறியது. போன வருடம் என் மனைவி இறந்தாள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாமியார் தன் விதை மூட்டையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஊதுகாரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. அவர் கண்ணை மூடினார்.

“உன் வீட்டுக்காரி பக்கத்துலதான் நிக்கிறா, தம்பி. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்றா.”

அழுதுவிட்டேன். படம் எடுக்க ஆள் தயாராக இருந்தார்.

அவள் அப்படிச் சொல்லக்கூடியவளே அல்ல. கையில் கதைப் புத்தகம் இருந்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதேன். முதுகலைப் பட்டம் இதற்கெல்லாம் உதவாது.

பயிர் வளர்ந்தபின் மாமியாரின் வயலுக்குப் போனேன். இலைகளில் கொப்புளம் இல்லை. ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளிகள் மட்டும் இருந்தன.

“அவரோட மூச்சு பட்ட தழும்பு, மாப்பிள்ளை” என்றார் மாமியார்.

அந்தத் தழும்பைத் தினமும் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நோய் எதிர்ப்பு மரபணு உள்ள கோதுமையில் பூஞ்சை நுழைந்தால், இலை அந்த இடத்துச் செல்களைத் தானே சாகவிடும். பூஞ்சைக்குத் தீனி கிடைக்காது. மற்ற இடம் பச்சையாக இருக்கும். பார்ப்பவர்கள் பயிர் நன்றாக இருக்கிறது என்பார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள்.

“அத்தை, உங்க கோதுமைக் கதிருக்கு நீள நீளமா முள்ளு மீசை இருக்குமே? இது மொட்டையா நிக்குதே?”

“மூச்சு பட்டதும் அடங்கிப்போச்சாம். மில்காரர் சொன்னார்.”

ஊர் முழுக்கக் கோதுமை ஒரே இரவில் மீசையை மழித்துக்கொண்டிருக்கிறது. ஒருவரும் சவரம் செய்தது யார் என்று கேட்கவில்லை. நானும் அன்றுதான் கேட்டேன்.

மீசையில்லாத அந்தக் கோதுமை எங்கள் நிலையத்தினுடையது. ஒரு காட்டுப் புல்லிலிருந்து ஒரே ஒரு மரபணுவை அதற்குள் கொண்டுவர எங்கள் பிரிவு பல வருடம் பாடுபட்டது. இன்னும் வெளியே கொடுக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டை மாட்டினால் திருடனுக்கு ஒரு சாவி போதும். பூஞ்சை கைதேர்ந்த திருடன். இன்னொரு மரபணுவையும் சேர்த்து இரண்டு பூட்டாகக் கொடுக்கக் காத்திருந்தோம். ஊதுகாரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

மூட்டையை மாற்றுகிறார் என்று புரிந்தது. நிரூபிக்க வேண்டுமே! என் அறிவு வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த விதைப்புக் காலம் வந்ததும் கோதுமையை வேகவைத்துக் காயவைத்து மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். காலையில் வாங்கி வந்து, எல்லாரும் பார்க்கத் தட்டில் ஈரத்துணி விரித்துப் பரப்பினேன். சில நாளில் பசேலென்று முளைத்தது. கூட்டத்தின் நடுவில் தட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

“நான் குடுத்தது வேகவைச்ச கோதுமை! வெந்தது முளைக்குமா? யோசிச்சுப் பாருங்க!”

அவர்கள் யோசித்தார்கள்.

“அடேயப்பா!” என்று அலறினார் மில்காரர். “வெந்ததுக்கே உசுரு குடுத்துட்டாரு!”

கூட்டம் ஊதுகாரரின் காலில் விழுந்தது. மறுநாள் தட்டியில் என் முகத்துக்குக் கீழே புது வரி: ‘வெந்ததும் முளைக்கும்! சோதித்தவர் இவரே!’ செத்த கோழியோடு ஒருவர் வந்தார். பழுதான கடிகாரத்தோடு ஒருவர் வந்தார்.

அன்று சாயங்காலம் மாமியார் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

“மாப்பிள்ளை, வயலை அவர் பேருக்கு எழுதித் தரப்போறேன். பதிவு ஆபீசுக்கு நீங்களும் கூட வரணும்.”

“எதுக்கு அத்தை?”

“வெந்த கோதுமைக்கே உசுரு குடுத்தவரு. அவளை ஒரு தடவை…”

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. இந்த நம்பிக்கையை ஊதுகாரர் விதைக்கவில்லை. நான் விதைத்தேன், என் தட்டில், ஈரத்துணி போட்டு.

“எழுதிக் குடுக்கலாம், அத்தை. அதுக்கு முன்னாடி நம்ம கண்ணெதிர்ல ஒருதரம் ஊதச் சொல்லுவோம்.”

மறுநாள் கொட்டகை வாசலில் அடுப்பு மூட்டி, எல்லாரும் பார்க்கக் கோதுமையை வேகவைத்தேன். கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டியில் ஈரத்துணி விரித்து அதைப் பரப்பினேன். அதே மூட்டையிலிருந்து வேகாத கோதுமையை அதேபோல் இன்னொரு பெட்டியில் பரப்பினேன்.

“அய்யா, வெந்ததுல இங்கேயே ஊதுங்க. மத்ததுல ஊத வேணாம்.”

“ராத்திரியிலதான் ஊதணும்” என்றார் ஊதுகாரர்.

“இது உங்களுக்குத் தூசு, அய்யா!” என்றார் மில்காரர். பக்தியில் வாய் முந்திக்கொண்டது. கூட்டமும் கத்தியது. வேறு வழியில்லை. ஊதினார். நன்றாகவே ஊதினார்.

“ராத்திரி பொட்டி உள்ளே இருக்கட்டும்” என்றார்.

“வேணாம் அய்யா. என் மடியிலயே இருக்கட்டும்” என்றார் மாமியார்.

அவர் சந்தேகத்தில் சொல்லவில்லை. ஆசையில் சொன்னார். வீட்டுக்குப் போனபின்னும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வெயில் காட்ட வேண்டும் என்று ஊதுகாரரின் ஆள் வந்து கேட்டார். மாமியார் பெட்டியோடு தானே வெயிலில் போய் உட்கார்ந்தார்.

மற்ற பெட்டியோடு நானும் அருகில் இருந்தேன். பெட்டியைப் பார்க்கப் பால்காரம்மா தினமும் வருவார்.

“எனக்கும் அவ சேதி சொன்னா” என்றார் மாமியார். “நேரத்துக்குச் சாப்பிடணுமாம்.”

பால்காரம்மா நிமிர்ந்தார்.

“எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாராம்! உசுரோட இருந்தப்ப நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாள் கேட்டதில்ல அந்த மனுஷன்.”

செத்தவர்கள் அனைவரும் சாப்பாட்டு நேரத்தில் குறியாக இருந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

அவர் கண்ணயர்ந்த நேரத்தில் நானும் ஒருமுறை கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். முளை வந்திருக்கிறதா என்றுதான். வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

சில நாள் கழித்து, கொட்டகை வாசலில் கூட்டத்தின் முன்னால் மாமியாரே இரண்டு மூடிகளையும் திறந்தார். வேகாத கோதுமை விரல் நீளம் முளைத்திருந்தது. வெந்ததிலும் வளர்ச்சி இருந்தது: சாம்பலும் பச்சையுமாய், பஞ்சுபோல, மணத்தோடு. பூசணம். துருவுக்கு ஒன்றுவிட்ட உறவு. பூஞ்சையை விரட்ட ஊதியவர் பூஞ்சையை நன்றாக வளர்த்திருந்தார்.

“ஊதாதது முளைச்சிருக்கு. நீங்க ஊதினது நாறுது” என்றார் மாமியார்.

“நம்பிக்கை போதலை, அம்மா.”

“என்கிட்டயா? ராவும் பகலும் மடியில வெச்சிருந்தேன். இதுக்கு மேல நம்பணும்னா நான்தான் வேகணும்!”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. “அப்போ ராத்திரியெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு இவரு என்னதான் பண்றாரு?” என்று கேட்டார் பால்காரம்மா. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். ஒரு பக்கம் எங்கள் நிலையத்து முத்திரை போட்ட விதைச் சாக்குகள். நிலையத்தின் கிடங்குச் சாவி ஊதுகாரரின் மச்சானிடம் இருந்தது. அற்புதம் அந்த வழியாக வந்திருக்கிறது. மறுபக்கம் ஊரார் கொடுத்த கோதுமை, மாவு மில்லின் வண்டியில் பாதி ஏற்றியபடி. மில்காரருக்கு அன்று முதல்முறையாகத் தொண்டை கட்டிக்கொண்டது.

வயல் பிழைத்தது. மாமியார் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். “சாப்பிட்டீங்களா, மாப்பிள்ளை?” என்றார். அந்தச் சேதிக்கு ஊதுகாரர் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை என் வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளிடம் விதை மூட்டை.

“தம்பி, அந்தாளு பித்தலாட்டக்காரன். நீங்க படிச்சவரு. நீங்க கொஞ்சம் ஊதிவிடுங்க.”

தட்டியில் இருக்கும் என் முகத்தை இன்னும் யாரும் கழற்றவில்லை. அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு: ஒரு இரவு அடுத்தவரிடம் விட்டுவைத்தால் மாறிப்போவது விதை மட்டுமல்ல. விதையையாவது மீசையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மூளையை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?