பார்த்தால் குறையும் ஸ்கோர்

"மறுபடியும் பாக்கறியா? பாத்துப் பாத்தே அதை ஒண்ணுமில்லாமப் பண்ணிடு!"

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோரைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பது அந்தக் கணக்கு டீச்சருக்கு வழக்கம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவருக்கோ அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"பாத்தா குறையாதுங்க. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பேங்க்ல என்ன சொன்னாங்க தெரியுமா? என் ஸ்கோர் இறங்கியிருக்காம்! நான் யார்கிட்டயாவது பாக்கி வெச்சிருக்கேனா? தினமும் தொட்டுத் தொட்டுப் பாத்தா எந்தச் சுவத்துலதான் சாயம் நிக்கும்? இனிமே நீ இதுல தலையிடாதே!"

"சரி, உங்க ஸ்கோர்ல நான் தலையிடலை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் எரிச்சலில் நியாயம் இருந்தது. கீழே கடை, மேலே வீடு, இரண்டுமே வாடகை. கட்டடத்தின் ஓனர், வயதான மனிதர், கட்டடத்தை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறார். "வெள்ளிக்கிழமைக்குள்ள உங்களுக்குக் கடன் கிடைச்சா உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன் தம்பி" என்று சொல்லிவிட்டார். கடன் கிடைக்காவிட்டால் பிழைப்பும் படுக்கையும் சேர்ந்தே தெருவுக்கு வந்துவிடும்.

கடைக்காரர் ஒரு குடை வாங்கினாலும் நாலு கடை ஏறி இறங்குகிறவர். கடனையும் அப்படித்தான் வாங்கப் புறப்பட்டு, முதலில் ஒரு வங்கிக்குப் போயிருந்தார்.

"சும்மா வட்டி என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றோம் சார். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டார். வட்டி அதிகமாகத் தெரிந்தது. அடுத்த இடத்துக்குப் போனார். அங்கே இன்னும் அதிகம். "அங்கேயே குறைச்சு சொன்னாங்களே!" என்று சண்டை பிடித்துவிட்டு, அதற்கடுத்த இடத்திலும் கையெழுத்துப் போட்டார். அங்கே கண்ணாடி போட்ட பையன், "உங்க ஸ்கோருக்கு இதுவே ஜாஸ்தி சார்" என்றான். அந்தக் கண்ணாடி அவர் கடையில் வாங்கியது. அதுதான் இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்து மனைவியின் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் இன்னொரு நிதி நிறுவனத்தில் கேட்டார். ஸ்கோர் இன்னும் இறங்கியிருந்தது.

"பூட்டி வெச்சும் குறையுதே!" என்று மச்சினனிடம் புலம்பினார்.

"அட, ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்க மாமா. வாங்கிச் செலவு பண்ணிக் கட்டினா ஸ்கோர் ஜிவ்வுன்னு ஏறும்."

கார்டுக்கு எழுதிப் போட்டார். தர முடியாது என்று பதில் வந்தது. மச்சினன் இன்னொரு கார்டின் பெயரைச் சொன்னான். அதற்கும் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, முதலில் போன வங்கிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தார். கடன் பிரிவு அதிகாரியம்மா கணினியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார்.

"ஊர்ல ஒரு இடம் பாக்கி இல்லாம கடன் கேட்டிருக்கீங்களே சார்!"

"கேக்கலை மேடம், விசாரிச்சேன். ஸ்கோரைக் கெடுத்தது என் பொண்டாட்டி. தினமும் பாத்தா."

"நம்ம ஸ்கோரை நாமளே பாக்கறது சாஃப்ட் செக் சார். அது எங்க கண்ணுக்கே தெரியாது, ஒரு புள்ளியும் குறையாது. நீங்க கையெழுத்து போட்டுக் கடன் கேட்டதால அவங்க பாத்தாங்க பாருங்க, அதுக்குப் பேர்தான் ஹார்ட் செக். அது பதிவாயிடும். இத்தனை பதிவைப் பாத்தா, இந்த ஆளுக்கு என்னமோ பெரிய முடைன்னு எல்லாரும் பயப்படத்தானே செய்வாங்க?"

"அப்போ வட்டி கேட்டுக் கேட்டு..."

"நீங்களேதான் சார் குறைச்சுக்கிட்டீங்க. இப்போ எங்களால கொடுக்க முடியாது."

எழுந்து வெளியே வந்தார். அவமானமாக இருந்தது. பாவம், ஒரு தப்பும் செய்யாதவளை என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். கைப்பேசியை வேறு பிடுங்கிப் பூட்டியாயிற்று. பள்ளிக் கணினியில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

கடைக்கு வந்து, கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். இன்று சாயங்காலம் அவள் வந்ததும் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். பிறகு சேர்ந்து வேறு இடம் தேட வேண்டும்.

வாசலில் ஓனர் வந்து நின்றார்.

"தெரியும் சார். வித்தாச்சு, அதானே? சாமானை எடுக்க ஒரு வாரம் டைம் கொடுக்கச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"எதுக்குத் தம்பி எடுக்கணும்?" என்றார் ஓனர். "புது ஓனரம்மா தினமும் தன்னோட ஸ்கோரை மட்டும் பாத்துக்கிட்டு, ஒரே ஒரு பேங்க்ல கேட்டுக் கடனை வாங்கிட்டாங்க, கடை உங்களுக்கேதானாம், ஆனா உங்க ஸ்கோர் இருக்கிற லட்சணத்துக்கு அட்வான்ஸ் மட்டும் டபுளா வேணுமாம், ஸ்கூல் விட்டு வந்ததும் மாடிக்குப் போய்ப் பேசிக்குங்க."