வாலாஜாபாத்தில் ஒரு டீக்கடை குறைகிறது

உத்திரமேரூர்,
2006 செப்டம்பர்

ஆம்பூரில் இருக்கும் அன்புள்ள மச்சான் உபைதுல்லா அவர்களுக்கு முகம்மது கௌஸ் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை நசீராவும் நலம். எங்கள் மகன் அசீமும் நலம்தான், இடது காது மட்டும் கொஞ்சம் கேட்கவில்லை. உங்கள் மகள் ஷாஹிஸ்தாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று ஆம்பூர் வரை பேச்சு வந்திருக்கும். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது மச்சான். அவரவர் ஊர்ப் பாதையை அவரவரே செய்து அதில் சேர்த்துக்கொள்ளலாமாம். வேலை தேடிக்கொண்டிருக்கிற பையன், கெட்ட சகவாசம் இல்லாமல் வீட்டிலேயே இருக்கிறானே என்று நானும் விட்டுவிட்டேன். இவன் செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரை நம்ம பாதையைச் செய்தான். எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும் அவனுக்கு. வாலாஜாபாத் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சு, குழாய், சிக்னல் கம்பம், சுவரில் துப்பிய வெற்றிலைக் கறை வரைக்கும் போட்டோ எடுத்திருக்கிறான். பம்பாயில் ரயிலில் குண்டு வெடித்து ரெண்டு மாதம்கூட ஆகாத நேரம். இவன் பெயர் அசீம். பிளாட்பாரத்திலேயே பிடித்துவிட்டார்கள்.

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே கேட்கிற கேள்வி எல்லாம் எனக்குக் கேட்டது. "இந்தச் சுவத்த இன்னாத்துக்குடா எடுத்துக்கிற?" என்றார் ஒருவர். "கறை வரணும் சார், இல்லன்னா புதுச் சுவரு மாதிரி தெரியும்" என்றான் நம்ம பிள்ளை. யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டதற்கு, யாரும் சொல்லவில்லை என்று நிறுத்தியிருக்கலாம் அல்லவா? ஜெர்மனியில் இதே விளையாட்டை ஆடுகிற ஒரு சிநேகிதர் பிளாட்பாரத்தின் உயரம் கேட்டார் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறான். "ஜெர்மனிக்காரனுக்கு வாலாஜாபாத் பிளாட்பாரம் எம்மாம் ஒசரம் இருந்தா இன்னாடா?" என்று கேட்ட குரலுக்குப் பிறகு ஓர் அறை விழுந்தது. அந்தக் காதுதான் மச்சான்.

ராத்திரியும் விடவில்லை. சேதி பரவினதிலிருந்து இன்றுவரை ஊரில் என் கடைக்கு ஆள் வருவதில்லை. பக்கத்துக் கடை கோபால் டீ வாங்கி அனுப்புகிறார், அவர் மட்டும் வருவதில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வேதகிரி, அதை ஓட்டிக் காட்டு பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொன்னார். அசீம் வீங்கின முகத்தோடு போட்டுக் காட்டினான். அவர் தானே நாற்காலியில் உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தவர், பாலூர், பழையசீவரம் எல்லாம் தாண்டி, சிவப்பு சிக்னலைக்கூட நிற்காமல் தாண்டி, வாலாஜாபாத்தில் வந்து நிறுத்தினார். கான்ஸ்டபிள்கள் பின்னால் நின்று கை தட்டினார்கள். நான் மனதுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் திரையையே பார்த்துவிட்டு, "ஸ்டேஷன் வெளிய எங்க மாமனார் டீக்கடை கீது. இதுல காணோமே. இது வாலாஜாபாத்தே இல்ல, வெறும் பொம்மை. வூட்டுக்கு இட்டுனு போங்க பாய்" என்றார். அசீம் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். நான் தொடையில் கிள்ளி அழைத்து வந்துவிட்டேன்.

வீட்டில் நசீரா அவன் காதைப் பார்த்து அழுதாள். "இன்னாடா பண்ணாங்க உன்ன?" என்றாள். அவன், "டீக்கடைய வுட்டுட்டேம்மா. அவரு சொன்னது கரெக்டுதான்" என்றான். அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோறும் சாப்பிடவில்லை.

கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். இனி ரயில் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று அவன் தாயின் தலைமேல் சத்தியம் செய்திருக்கிறான். கேஸ் எதுவும் இல்லை, பையன் மேல் கறை இல்லை. குறித்த தேதியிலேயே நிக்காஹ்வை வைத்துக்கொள்ளலாம், பெரிய மனது பண்ணுங்கள். ஷாஹிஸ்தாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் துஆவும் சலாமும்.

தங்கள்,
முகம்மது கௌஸ்

பி.கு.: இதை உறையில் போடும்போது கோபால் கடைக்குப் போன் வந்தது. அசீம் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வாலாஜாபாத் போய் அந்த டீக்கடையைப் போட்டோ எடுத்திருக்கிறான். வேதகிரி மாற்றலாகிப் போய்விட்டாராம், வந்திருப்பவர் புதியவர். திரும்பவும் அவனைப் பிடித்து, போட்டோவுக்கு நின்ற டீக்கடைக்காரரையும் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்களாம். நிக்காஹ் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம், தெரிந்த வக்கீல் இருந்தால் அழைத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வாருங்கள். ரயிலில் வர வேண்டாம் மச்சான், பஸ்ஸில் வாருங்கள்.