எழுத்துக்கும் கட்டில் தேடிய காக்கா

ஒரே ஓர் எழுத்துக்காக விசாவைத் தொலைத்த மனுஷனை உங்களுக்குத் தெரியுமா? அதுவும் சொந்த மொழி எழுத்து இல்லை, ஜார்ஜியா நாட்டு எழுத்து. எனக்குத் தெரியும். வளைகுடா மொத்தத்தையும் சலித்தாலும் அப்படி ஒரு பிழைக்கத் தெரியாத ஜீவன் கிடைக்காது. பெயர், பெட்ஸ்பேஸ் காக்கா.

ஷார்ஜாவில் கார்கோ லேபிள் அடிக்கிற கடையில் அவர் சீனியர். நான் பி.எஸ்சி. முடித்த திமிரோடு வந்திறங்கிய ஜூனியர். கீழக்கரைக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஒரே ரூமில் பன்னிரண்டு கட்டில், அதில் ஒன்றில் பதினாறு வருஷமாகப் புரண்டவர். கட்டிலை மட்டும் வாடகைக்குப் பிடிப்பதற்கு அங்கே பெட்ஸ்பேஸ் என்று பெயர். எதைக் கேட்டாலும் கட்டில் கணக்கில்தான் பதில் வரும்.

"காக்கா, ஃபாண்ட்டுன்னா உங்க பாஷையில என்ன?" என்று முதல் நாள் சீண்டினேன்.

"அது ஒரு கேம்ப், தம்பி. இருநூத்தம்பத்தாறு கட்டில். ஒவ்வொண்ணுக்கும் நம்பர். எழுத்துன்னு இருந்தா ஏதாச்சும் ஒரு கட்டில்ல படுத்தே ஆகணும்."

மூன்று வருஷம் காலேஜில் நான் படித்ததும் அவ்வளவுதான்.

அப்போதுதான் ஜார்ஜியா மேடம் வந்தார். ஜாக்கெட்டும் டிவியும் மூட்டை மூட்டையாக வாங்கி ஊருக்கு அனுப்புகிற வியாபாரி. அறுநூறு லேபிள், மூன்று பாஷையில். அவர் ஊரில் லேபிளில் பெயரைப் படித்துத்தான் மூட்டையைக் கொடுப்பார்கள். எங்கள் முதலாளியான அர்பாப், காக்காவிடம் சொன்னார்: "புதன் ஃப்ளைட். காம் பூரா, விசா ரென்யூ. காம் மாஃபி, விசா மாஃபி." வேலை முடிந்தால் விசா உண்டு, முடியாவிட்டால் இல்லை.

லேபிள் புரோகிராம் ஒரே ஒரு ஃபாண்ட்டைத்தான் ஏற்கும். இங்கிலீஷும் அரபியும் கால் நீட்டிப் படுத்திருந்த கேம்ப்பில் முப்பத்திரண்டு ஜார்ஜிய எழுத்துகளை இண்டு இடுக்கில் செருகிவிட்டார் காக்கா. முப்பத்து மூன்றாவது, இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி ஓர் எழுத்து, பெட்டியோடு வாசலில் நின்றது. மேடத்தின் பெயரே அதில்தான் ஆரம்பம்.

"அந்த அட் தி ரேட் குறியைத் தூக்கிட்டு இதை அங்க போட்டுருங்க காக்கா. எவன் அதை யூஸ் பண்றான்?"

"அவன் எங்கடா போவான்?"

"அது எழுத்துகூட இல்ல. வெறும் சுழி."

"என்னையும் ஒருத்தன் அப்படித்தான் தூக்குனான். மூணு வாரம் மொட்டைமாடி. ஆகஸ்ட் மாசம். நீ படுத்துப் பாரு, தெரியும்."

கடைசியில் நூற்று எழுபத்து மூன்றாம் நம்பர் கட்டில் காலி என்று கண்டுபிடித்தார். ஸ்கிரீனில் ஒட்டகம் ஜம்மென்று நின்றது. அறுநூறும் பிரிண்ட் எடுத்தோம். ஒன்றில்கூட ஒட்டகம் இல்லை. அந்த நம்பரை, வார்த்தையை உடைக்கிற கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு ஹைஃபன் கோட்டுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அது வந்தாலே பிரிண்டர் விழுங்கிவிடும்.

மேடம் லேபிளைப் பார்த்தார். "மை ஃப்ரெண்ட், திஸ் நாட் மீ."

அன்று செவ்வாய். அட் தி ரேட், அட் தி ரேட் என்று கெஞ்சினேன். காக்கா கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு லேபிளிலும் கையால் ஒட்டகம் வரைய ஆரம்பித்தார். திட்டினேன். தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு நானும் ஒரு பேனாவோடு உட்கார்ந்தேன். என் ஒட்டகங்கள் ஆடு மாதிரி வந்ததால் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். புதன்கிழமை ஃப்ளைட் கிளம்பியபோது நானூற்றுப் பத்து முடிந்திருந்தது. மொத்தமும் ஒரே புக்கிங், அதனால் மூட்டை ஒன்றுகூட ஏறவில்லை.

மேடம் ஒரு லேபிளை எடுத்து அந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, "திஸ் மீ" என்றார். அர்பாப் "கலாஸ்" என்றார். கலாஸ்தான், காக்காவின் விசா முடிந்தது.

காக்கா ஊருக்குப் போன மறுநாள் அட் தி ரேட்டைத் தூக்கிவிட்டு ஒட்டகத்தை அங்கே படுக்க வைத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அறுநூறு லேபிளும் பிசகில்லாமல் வந்தன. அர்பாப் முதுகில் தட்டிக்கொடுத்து காக்காவின் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். பாராட்டு வாங்கி இப்படி நாறிப்போனவன் நானாகத்தான் இருப்பேன்.

அவருக்கு லெட்டர் எழுத மூன்று தடவை உட்கார்ந்துவிட்டேன். 'அன்புள்ள காக்கா'வைத் தாண்டிப் பேனா நகரவில்லை. ஷார்ஜாவில் இப்போது விடிகாலை மணி நாலு. கீழக்கரையில் ஐந்தரை, காக்கா எழுந்திருப்பார்.