இரண்டு பொட்டலமும் சிவப்பு

தச்சநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மும்பையில் இருக்கும் மதிப்புக்குரிய குற்றாலலிங்கம் மாமா அவர்களுக்கு, மருமகன் பேச்சிராஜ் வணக்கத்துடன் எழுதுவது. அத்தை சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அதாவது அம்மா சாப்பிடுவதில்லை, அப்பா என்னோடு பேசுவதில்லை. போனில் என்றால் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பணகுடிப் பக்கம் காற்றாலையில் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது, நாளைக் காலை சேர வேண்டும், மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடம் கழித்து வந்த முதல் வேலை. மேலே ஏற வேண்டும்தான், ஆனால் இடுப்பில் பெல்ட் உண்டு, கயிறு உண்டு, விழ முடியாது என்று படம் போட்டு விளக்கினேன். உங்கள் தங்கச்சி படத்தைப் பார்க்கவே இல்லை. "ஃபேனுக்குக் கீழ நீ உக்காரணும்னுல்லா ஒன்னப் படிக்க வச்சேன். ஃபேனுக்கு மேல ஏறவா?" என்றாள். அப்பாவுக்கு உயரம் பிரச்சினை இல்லை, வேலைக்குப் போட வேண்டிய காக்கிச் சட்டைதான் பிரச்சினை. வண்ணார்பேட்டையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பையன் கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறார். அதிலே இரண்டு பேர் பட்டாவுக்கு இப்போதே என்னிடம் மனு கொடுத்துவிட்டார்கள். சீனாவில் வேலையில்லாத பட்டதாரிகள் வீட்டிலேயே சமைத்துப் பெற்றோரிடம் சம்பளம் வாங்குகிறார்களாம் என்று செல்போனில் பார்த்ததைச் சொன்னேன். அப்பா ஒரு கூடை சின்ன வெங்காயத்தை என் முன்னால் வைத்தார். சம்பளத்தை வைக்கவில்லை.

கடைசியில் நீங்கள்தான் அம்மாவிடம் சாமிகிட்டப் பூக் கேளு என்றீர்களாம். நேற்று முப்பிடாதி அம்மன் கோயிலுக்குப் போனோம். இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது. மடித்தது அம்மா. பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார், சிவப்பு. நான் மெக்கானிக்கல்காரன் மாமா, எந்த அளவையும் இரண்டு தடவை பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். மற்றதையும் பிரித்தேன். அதுவும் சிவப்பு. பூசாரி விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார். அப்பா அந்த வாரத்திலேயே முதல்முறையாக வாயைத் திறந்தார்: "ரெண்டாவதப் பிரிக்கப்படாதுலே."

அம்மனையே ஏமாற்றுகிற வீட்டில் இனி எனக்கு என்ன வேலை? நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். பூக் கேட்கச் சொன்னது நீங்கள், ஆகையால் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சமாதானம் சொல்வதும் நீங்கள்தான். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மன் உங்கள் வீட்டைக் காக்கட்டும். எங்கள் வீட்டின் மேல் அவளுக்குக் கோபம் இருக்கும்.

இப்படிக்கு,
பேச்சிராஜ், பி.இ.

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும்போது அம்மா வந்து என் கையில் இரண்டு பொட்டலத்தை வைத்தாள். "எதுன்னாலும் எடுத்துக்கோய்யா. ரெண்டையும் பிரிச்சே பாத்துக்கோ" என்றாள். பிரித்தேன். இரண்டும் வெள்ளை. காற்றாலை சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது என்றா சொல்வது? அம்மா இன்று சாப்பிட்டாள். குழம்புக்கு வெங்காயம் உரித்தது நான்தான்.